சேமக்காலைக்குப் போன தண்ணி மெசின்

கயிற்றை இழுத்தேன். மெசின் ஒரு தரம் கனைத்துவிட்டு அடங்கியது.

மறுபடி இழுத்தேன். இந்தத் தரம் கனைக்கவும் இல்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சேமக்காலையின் சிலுவைகளுக்கு நடுவே, குடைகளுக்குக் கீழே ஊர் நின்றது. வெட்டிய குழிக்குப் பக்கத்தில், பலகைகளின் மேல் திரேசம்மாவின் பெட்டி. பாதர் செபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குடைகள் எல்லாம் என்னைப் பார்த்தன.

ஒரு சத்தம் மட்டும் கேட்டது. குழியின் பக்கத்து மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அடியில் ஊறும் தண்ணீருக்குள் விழுகிற சத்தம். கொதி அடங்கும் சோற்றுப் பானையில் வருமே, அப்படி ஒரு சின்னச் சத்தம். அதை எல்லோரும் கேட்டார்கள். திரேசம்மாவின் மகன் சூசையும் கேட்டான்.

என் நெஞ்சு மட்டும் கயிறு இழுக்காமலே தடதடவென்று ஓடியது. நகரசபை வேலைப் பகுதியில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த ஒரே மெசின் அதுதான்.

அரிசி வாளிக்குள் ஆரோ கூப்பிடினம்

போன கிழமை இந்தத் தொடரில் வந்த தெருவிளக்குக் கதையை வாசித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்தக் கிழமை அவ்வளவு சிரிக்க இயலாது. இயன்றவரை முயற்சி செய்கிறேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் மன்னார் நகரசபையின் வேலைப் பகுதியில் மேற்பார்வையாளன். கழிவுநீர்க் கான் துப்புரவாக்குவது, குழி விழுந்த ஒழுங்கைக்குக் கிரவல் மண் கொட்டுவது, எரியாத விளக்கை எரிய வைப்பது, கோடையில் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது, மாரியில் அதே சனத்தின் வீட்டுக்குள்ளிருந்து தண்ணீரைத் திருப்பி எடுப்பது. ஆடியில் தண்ணீர் இல்லை என்று ஏசுவார்கள். கார்த்திகையில் தண்ணீர் நிற்குது என்று ஏசுவார்கள். ஏசுகிற வாயும் அதே வாய், கேட்கிற காதும் அதே காது.

மழை என்றால் கவிதை வரும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு முறைப்பாடுதான் வரும். கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் புதைத்து மூடிவிடுவேன். நனைந்த போனை அரிசிக்குள் போடுவது உலக வழக்கம். நனையுமுன்னரே போடுகிறவன் நான் ஒருவன்தான். என் மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள்.

"இஞ்சேருங்கோ, அரிசிக்குள்ள இருந்து ஆரோ கூப்பிடினம். எடுங்கோ. இல்லாட்டி உலையில போட்டிடுவன்."

எங்கள் பட்டினம் அப்படிப்பட்ட இடம். தரைக்கும் கடலுக்கும் இடையில் உயரம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. மழை பெய்தால் மேடு எது, பள்ளம் எது என்று தெரிய எங்கள் அளவைக் கருவி தேவையில்லை; கழுதைகள் எங்கே கூடி நிற்கின்றன என்று பார்த்தால் போதும். ஒரு முறை மேலதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து, "இந்த ரோட்டில ஏன் இவ்வளவு கழுதை?" என்று கேட்டார். "சேர், இதுதான் நாங்கள் உயர்த்தின ரோட்" என்றேன். மனிதர் அதை முறைப்பாடாக எடுத்தாரா பெருமையாக எடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

புதுக் கான் ஒன்றும் கட்டினோம். என் மேற்பார்வையில்தான். நாடா வெட்டி, பட்டாசும் கொளுத்தினோம். கடல் வற்றும்போது பட்டினத்துத் தண்ணீர் அந்தக் கானால் கடலுக்குப் போகும். கடல் பெருகும்போது கடல் அதே கானால் பட்டினம் பார்க்க வரும். ஒரு வழியாய்க் கட்டினதை இரு வழியாய்ப் பாவிக்கிற சபை எங்களுடையது.

மாமி

மழைக்கால வேலைக்கு எங்களிடம் ஒழுங்கான தண்ணி மெசின் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றது திருத்தப் போய் வராமலே இருக்கிறது. இருந்த மெசினுக்குப் பெடியள் வைத்த பெயர் மாமி. லேசில் வாய் திறக்காது, திறந்தால் மூடாது. வேகம் கூட்டிக் குறைக்கிற பிடியின் சுருள்வில் அறுந்து பல காலம். அதனால் ஓடுகிற நேரம் முழுக்க ஒருவர் அந்தப் பிடியைக் கையால் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். நின்றால் குழாய்க்குள் காற்றுப் பிடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றி, கெஞ்சி, கயிறு இழுத்து, அது ஒரு திருவிழா.

அந்தப் பிடியில் எப்போதும் இருந்தது சூசையின் கை. அதிகம் பேசாதவன். மழை நாட்களில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை மாமிக்குப் பக்கத்தில் நின்று, பின்னேரம் வலது கையை விரிக்க முடியாமல் மூடியபடியே சைக்கிளில் வீட்டுக்குப் போவான். புது வில் எடுத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு மாரிக்கும் சொன்னேன். கோடை வந்ததும் நானும் மறந்தேன், நகரசபைக் கந்தோரும் மறந்தது. மழை மட்டும் மறக்கவில்லை.

மாசியில் சாகும் திட்டம்

சூசையின் தாய் திரேசம்மா எனக்குப் பழக்கமானது பவுசரால். கோடையில் எங்கள் பவுசர் வந்து நின்றால், வரிசையின் கடைசியில் ஒரு சின்ன வாளியோடு நிற்பா. மற்றவர்கள் பீப்பாவும் பெரிய கலனும் கொண்டு வருவார்கள்.

"என்னம்மா, இந்த வாளி கோழிக்கே காணாதே?"

"எனக்குக் காணும் தம்பி. கன தண்ணியப் பாத்தா எனக்கு மூச்சு முட்டும்."

பகிடி என்று நினைத்தேன். பிறகுதான் சூசை சொன்னான். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் படகேறிய சனத்தில் அவவும் ஒருத்தி. அக்கரைவரை கொண்டுபோகப் பயந்த ஓட்டி, இருட்டில் எல்லோரையும் நடுக்கடல் மணல் திட்டி ஒன்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். விடியக் கடல் பெருகியது. திட்டி கரைந்து கரைந்து சிறுத்தது. கைக்குழந்தையைத் தோளில் தூக்கி, இடுப்பளவு தண்ணீரில், இன்னொரு படகு வரும்வரை நின்றிருக்கிறா. குழந்தை சூசை. பக்கத்தில் நின்ற அவவின் தங்கச்சி அந்தப் படகில் ஏறவில்லை.

அவ்வளவுதான் அவன் சொன்னது.

அக்கரையில் அகதி முகாமில் கன காலம் இருந்து ஊர் திரும்பிய பிறகும், மன்னார்த் தீவில் இருந்துகொண்டே கடற்கரைக்குப் போகாத மனுசி அவ ஒருத்திதான். கீரிக் கடற்கரைக்குச் சனம் காற்று வாங்கப் போகும். அவ போகமாட்டா. மழை பெய்தால் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு செபமாலை சொல்லுவா.

ஒரு நாள் பவுசரடியில் என்னிடம் சொன்னா:

"தம்பி, நான் மாரியில சாகக்கூடாது. எங்கட சேமக்காலையில மழைக்கு வெட்டினா குழி கிணறாப் போகும். என்ர மனுசன்ர பெட்டிய இறக்கேக்க மிதந்தது, நான் பாத்தனான். நான் மாசியில சாகத் திட்டம் போட்டிருக்கிறன். மண் நல்லாக் காஞ்சிருக்கும்."

"எங்கட வேலைப் பகுதி போட்ட திட்டம் ஒண்டும் சொன்ன மாசத்தில முடிஞ்சதில்லை அம்மா. நீங்களாவது முடிச்சுக் காட்டுங்கோ."

வாளித் தண்ணீரில் கொஞ்சத்தை என் மேல் தெளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனா.

கார்த்திகையில் செத்தா. அடைமழை பிடித்திருந்த நேரம்.

பள்ள ஒழுங்கை

செய்தி வந்தபோது நான் பள்ள ஒழுங்கையில் நின்றேன். பெயரிலேயே சங்கதி இருக்கிறது. அங்கே வீடுகளுக்குள் கெண்டைக்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்குக் கல் வைத்து உயர்த்தி, அடுப்பை மேசையில் ஏற்றியிருந்தார்கள். மாமியை முதல் நாள் அங்கேதான் இறக்கியிருந்தோம்.

சூசை பிடியை இன்னொரு பெடியனிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கந்தோரில் லீவு கேட்கிற குரல்.

"ஐயா, அம்மா போயிட்டா. நாளைக்கு அடக்கம். அப்பாக்குப் பக்கத்தில." டீசல் பட்ட கையைச் சேட்டில் துடைத்தான். "அந்த இடம் சரியான பதிவு ஐயா, வெட்டினாத் தண்ணி ஊறும். ஒரு மணித்தியாலத்துக்கு மெசினைத் தருவியளோ? தண்ணிக்குள்ள வைக்கமாட்டன் எண்டு அவவுக்குச் சொன்னனான்."

அந்த இடத்தில் நல்ல மனிதன் ஒருவன் உடனே 'ஓம்' என்றிருப்பான். நான் முதலில் ஒழுங்கையைப் பார்த்தேன். மெசினைத் தூக்கினால் இறைத்த தண்ணீர் எல்லாம் திரும்பி வரும். சனம் என்னைச் சும்மா விடுமா? கந்தோருக்கு வந்து சத்தம் போடுமா? யாராவது படம் எடுத்துப் போடுவார்களா? ஒழுங்கைச் சனத்திடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவனை வீட்டுக்கு அனுப்பினேன்.

ஒழுங்கையின் பேச்சாளர் றகீமா ராத்தா. தையல்காரி. தையல் மெசினை மேசைக்கு மேல் ஏற்றி, மேசைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர். முதல் நாள் நான் போனபோது, "வாங்க தம்பி, கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டவர். அடுத்த நாள் காலை அவரிடம்தான் போனேன். சுற்றி வளைத்து, மெசினுக்குச் சின்ன ஓய்வு தேவை, எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தொடங்கினேன்.

"தம்பி, பொய் சொல்றதெண்டா காலை ஆட்டாமச் சொல்லுங்க. தண்ணி அலையடிக்குது."

சொன்னேன், உள்ளதை.

ராத்தா தன் வாசலைப் பார்த்தார். விடிவதற்குள் தண்ணீர் வற்றிப் படி தெரியத் தொடங்கியிருந்தது.

"எங்கட உம்மா சண்டைக் காலத்தில ஊர விட்டுப் போய், புத்தளத்தில மௌத்தானவ. அங்கேயே அடக்கினம். ஊர் மண் கிடைக்கேல்ல." பிறகு எழும்பி, சீலையைத் தூக்கிச் செருகினார். "அந்தப் புள்ளைட உம்மாவுக்கு ஊர் மண்ணு கிடைச்சிருக்கு. அதைக் காய வச்சாவது குடுங்க. கொண்டுபோங்க. முடிஞ்ச உடனே கொண்டு வரணும், சரியா? இல்லாட்டி நான் உங்கட கந்தோரில வந்து படுப்பன்."

அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். ராத்தா திரும்பிப் பார்த்தார். முணுமுணுத்தவரும் வந்து மாமியை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றத் தோள் கொடுத்தார்.

நான் விட்ட குழாய்

குழி வெட்டுகிற பீற்றர் அண்ணை எனக்கு முன்னரே வந்திருந்தார். அவர் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. குழியின் கால்மாட்டில் இன்னும் ஆழமாக ஒரு சின்னக் கிடங்கு தோண்டினார். உறிஞ்சுகிற குழாயை அதற்குள் இறக்கினோம். அதன் நுனியில் குப்பை போகாமல் ஓர் இரும்புக் கூடை உண்டு. என்னோடு வந்த ட்ரக்டர்காரர் மாமியோடு மல்லுக்கட்டி ஒரு வழியாக ஓடச் செய்தார். தண்ணீர் இறங்கியது. குழியின் அடி தெரிந்தது. நல்ல வெள்ளை மணல்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதனால்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? வேலைப் பகுதிக்காரனுக்குத் தெரிந்தது ஒரே விடை: கானுக்குள் விடு. மதிலுக்கு அந்தப் பக்கம் என் புதுக் கான். வெளிக்குழாயை மதிலுக்கு மேலால் போட்டுக் கானுக்குள் விட்டேன். அது கடல் பெருகும் நேரம். கான் தன் வழக்கப்படி எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இறைத்த தண்ணீரும் கடல் தந்த தண்ணீரும் சந்தித்து, கட்டிப்பிடித்து, ஒன்றாகச் சேமக்காலை வாசலுக்கு வழிந்தன.

அதே வாசலுக்குத்தான் பெட்டியோடு சனம் வந்து சேர்ந்தது.

முன்னால் சிலுவை பிடித்தவர் நின்றார். அவருக்குப் பின்னால் பாட்டு நின்றது. பெட்டியைத் தூக்கியவர்கள் செருப்பைக் கழற்றி வேட்டியை மடித்துக் கட்டினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்தவன் சூசை. தாயைத் தண்ணீருக்குள் வைக்கமாட்டேன் என்றவன், தாயின் பெட்டியோடு முழங்கால் அளவு தண்ணீருக்குள் நின்றான். தோளில் பெட்டி, கண்ணில் தண்ணீர். மதிலைப் பார்த்தான், கானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஐயா! குழாயை எங்க விட்டனீங்கள்?"

செத்த வீட்டில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. ஓடினேன். குழாயை இழுத்து, சேமக்காலைக்குப் பின்னால் இருந்த பனங்காணிக்குள் விட்டேன். ஓடும்போது ஒரு செருப்புக் கானோடு போனது. நான் கட்டிய கானால் கடலுக்குப் போய்ச்சேர்ந்த பொருள் என்று ஒன்று இருந்தால், அது அதுவாக இருக்கட்டும்.

பெட்டி எப்படியோ குழியடிக்கு வந்தது. சூசை அதை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சமும் நனையவில்லையா என்று அடியைக் கையால் தடவிப் பார்த்தான்.

ஒரு செபத்துக்கு மட்டும்

பாதர் செபம் தொடங்கினார். மாமியும் தன் பாட்டுக்குச் செபித்தது. பாதரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் நிறுத்தி, என் பக்கம் சாய்ந்து காதுக்குள் கத்தினார்.

"ஒரு செபத்துக்கு மட்டும் இதை நிப்பாட்டேலாதோ?"

நிறுத்தினால் திருப்பி ஓடவைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பாதர் கேட்கிறார். அவருக்குப் பின்னால் கடவுளும் கேட்கிற மாதிரி இருந்தது. ட்ரக்டர்காரருக்குக் கைகாட்டினேன். பிடியை விட்டார்.

அமைதி. "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே…" சனம் கூடச் சொன்னது. அந்த மண் கரையும் சத்தமும் அப்போதுதான் கேட்கத் தொடங்கியது.

செபம் முடிந்தது. நான் முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். ட்ரக்டர்காரர் இழுத்தார். நான் இழுத்தேன். மாமி வாயைத் திறக்கவில்லை. குழியின் அடி மணல் நிறம் மாறியது. பிறகு மினுங்கியது. பிறகு அதில் மேலே இருந்த குடைகளின் நிழல் தெரிந்தது.

சூசை பெட்டியின் தலைமாட்டிலிருந்து வந்தான். அவசரப்படவில்லை. என்னை மெல்ல விலக்கினான். குழாயில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, கயிற்றை இழுத்தான். ஓடியது. பிடியை அழுத்திக்கொண்டு நின்றான், துக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு, எல்லா மழை நாளும் நிற்பதுபோல.

பீற்றர் அண்ணை குழியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"வடிஞ்சிட்டுது! இப்ப இறக்கவேணும். மகன் எங்க? மகன் வாங்கோ!"

மகன் வரமுடியாது. மகன் பிடியை விட்டால் மெசின் நிற்கும்.

அப்போது எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தைரியம் என்று எழுத ஆசைதான்; என் மனைவியும் இந்தத் தொடரை வாசிக்கிறாள்.

"விடு சூசை. நான் பிடிக்கிறன்."

"ஐயா, உங்களுக்குக் கை நடுங்குது."

"நடுங்கினா என்ன? அதுவும்தானே நடுங்குது. ரெண்டும் சேந்து போகும்."

அவன் என் கையை எடுத்துப் பிடியில் வைத்து, மேலே தன் கையை வைத்து ஒரு தரம் அழுத்திக் காட்டினான். பிறகு கையை எடுத்தான். இரும்பு சுட்டது. அந்த அதிர்வு முழங்கை வழியே பல்லுக்கு வந்தது. இத்தனை மாரியும் அவன் அதைப் பிடித்திருந்தான், நான் வில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டி இறங்கியது. மிதக்கவில்லை. மணலில் போய் இருந்தது. அந்தச் சத்தம் மாமியின் இரைச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்டது. சூசை குனிந்து பிடி மண் எடுத்தான். உள்ளங்கையில் வைத்து விரலால் நசித்துப் பார்த்தான். ஈரம் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கியது. பிறகு போட்டான்.

கால்மாட்டை மண் மூடும்வரை இறைத்தோம். கடைசியில் குழாயை இழுத்தபோது அது வந்தது, நுனியில் இருந்த இரும்புக் கூடை வரவில்லை. மண்ணுக்குள் இறுகிவிட்டது. பீற்றர் அண்ணை என்னைப் பார்த்தார். கிடக்கட்டும் என்றேன்.

திரும்பிப் போனது

சொன்ன சொல்லுக்கு மாமியைப் பள்ள ஒழுங்கைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் மறுபடி படியேறி வீட்டுக்குள் போயிருந்தது. சூசையை வீட்டுக்குப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. அதே வெள்ளைச் சேட்டோடு ட்ரக்டர் பெட்டியில் ஏறி வந்துவிட்டான்.

கூடை இல்லாத குழாய் முதல் இழுப்பிலேயே பொலித்தீன் பை ஒன்றை விழுங்கி விக்கியது. றகீமா ராத்தா அடுப்படிக்குப் போய், அரிசி கழுவி வடிக்கிற ஓட்டைச் சட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். கம்பியால் கட்டினோம். இன்றைக்கும் மாமி அந்தச் சட்டியால்தான் குடிக்கிறது.

சூசை பிடியை அழுத்திக்கொண்டு நின்றான். ராத்தா அவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து, பக்கத்தில் நின்றார்.

"உம்மாவக் காஞ்ச மண்ணிலதானா வச்சீங்க, தம்பி?"

"ஓம் ராத்தா. காஞ்ச மண்ணிலதான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

எங்கள் மணலில் தண்ணீர் எப்படி ஊறும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுதான் எங்கள் பிழைப்பு. குழாயை இழுத்த அந்த நேரமே அது திரும்பி வரத் தொடங்கியிருக்கும். வைக்கும்போது காய்ந்திருந்தது. அதற்கு மேல் ராத்தாவும் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது கோயில் மணி அடித்தது. ஒழுங்கைத் தண்ணீர் படிக்குக் கீழே இறங்கிவிட்டது. வழக்கமாக அந்த அளவுக்கு வந்ததும் டீசலை மிச்சம் பிடிக்க நிறுத்திவிடுவோம். சூசை கண்ணால் கேட்டான், நிறுத்தவா என்று.

கடல் பெருகினால் எல்லாம் திரும்பி வரும் என்று தெரியும்.

"ஓடட்டும்" என்றேன். "பிடியைத் தா, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறன்."